ஒட்டக்கூடாத பொம்மைகள்

"பீமனை யாரு ஒட்டுனது?"

தங்கச்சாமி போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து மருமகள் ஐஸ்வர்யா ஓடி வந்தாள்.

"நான்தான் மாமா."

அவர் காதருகே போய்க் கத்த வேண்டியிருந்தது. பட்டாசு கம்பெனி நடத்திய காலத்திலேயே அவருக்குக் காது போய்விட்டது.

"நாளைக்கு நானும் அவுக கூட பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போயிருவேன். கண்ணாடித் தட்டுல சும்மா நிக்கிற பொம்மை, விழுந்துட்டா யாரு பாக்குறது?"

"உடைஞ்சா உடையட்டும். ஒட்டக் கூடாது."

எல்லாம் அந்தக் காலத்துப் பீங்கான். பீமன், அர்ச்சுனன், கர்ணன் என்று காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் நாயாய் அலைந்து சேர்த்தவை. அத்தனை ஆசையாய் வாங்கிவிட்டு ஒரு சொட்டுப் பசை வைக்க விடமாட்டாராம். என்ன மனுசனோ.

தங்கச்சாமி பசையைச் சுரண்டி எடுத்தார். பீமனைத் தட்டின் விளிம்பிலேயே மறுபடி நிறுத்தினார். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பகல் பூராவும் அவருக்கு அதுதான் வேலை.

கல்யாணமாகி வந்த ஒரு மாதத்தில் ஐஸ்வர்யாவுக்கு இது பழகவே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பினாள்.

அப்போதுதான் தூரத்தில் ஏதோ பட்டாசு கம்பெனி வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் பதறி ஓடி வந்தபோது, தங்கச்சாமி பொம்மைகளையே பார்த்தபடி எழுந்து நின்றிருந்தார்.

அங்கே எத்தனை உயிர் போச்சோ, இவருக்குப் பொம்மைதான் பெரிசு. ஐஸ்வர்யாவுக்கு வெறுத்துப் போனது.

கண்ணாடித் தட்டு இன்னும் நடுங்கியது. பீமன் சாய்ந்து, தரையில் விழுந்து சிதறினான்.

தங்கச்சாமி குனியவில்லை. துண்டுகளைத் தாண்டிப் போய் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார்.

"சத்தம் எந்தப் பக்கம் கேட்டுச்சும்மா?"

"திருத்தங்கல் பக்கம் மாமா."

அவள் காட்டிய கையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பழைய போர்வையெல்லாம் வண்டியில போடு. ஆம்புலன்ஸ் வாரதுக்குள்ள நாலு பேரயாவது ஆஸ்பத்திரியில சேத்துரலாம்."

போர்வைகளை அள்ளி வந்தவள், தரையில் கிடந்த பீமனைக் காட்டினாள்.

"போகட்டும். நாளைக்கு நீயும் பிரஸ்ஸுக்குப் போயிருவ. வெடிச்சா எனக்கு எங்கன கேக்குது? இதுக ஆடுனாத்தானம்மா தெரியும்."