நடுங்கும் கைக்கு ஒரு வண்டி

செண்பகத்தின் பழைய பைக்குக்கு மெக்கானிக் இசக்கி பிரேக், டயர், விளக்கு எல்லாம் புதிதாக மாட்டிவிட்டான்.

"ஹேண்டில்பார் மட்டும் எதுக்குக்கா பழசு? புதுசுல சென்சார் இருக்கு, கை நடுங்குறவங்கள ஓட்ட விடாதுல்லா. பாதுகாப்பு."

"அதுக்குத்தாம்ல வேண்டாங்கேன்."

போன ஆடியில் மகளுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, வீட்டிலிருந்த புது வண்டி செண்பகத்தின் கைநடுக்கத்தைக் கண்டுகொண்டு, "அமைதியானதும் புறப்படலாம்" என்று அன்பாகச் சொல்லி அசையாமல் நின்றுவிட்டது. பிள்ளை பிழைத்தது, பேச்சுதான் திரும்பவில்லை.

"ஓட்டிப் பாருங்கக்கா."

செண்பகம் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடி அந்த நாளை வேண்டுமென்றே முழுசாக நினைத்தாள். விரல்கள் நன்றாக நடுங்கத் தொடங்கியதும் கிக்கரை ஓங்கி மிதித்தாள்.

வண்டி எதுவும் கேட்காமல் கிளம்பியது.