நகராமல் போகும் அலை

நகத்தளவு காந்த சிப் அது. குரல் பட்டதும் அதற்குள் எந்தத் துகளும் இடம்விட்டு நகராது. ஒரு தலையசைப்பு மட்டும் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அலையாகப் போகும். அலைகள் கலந்து விழும் கோலத்தை வைத்து, சொன்னது எந்த உயிரெழுத்து என்று கண்டுபிடித்து, அதற்குரிய விளக்கை எரியவிடும். அதை உருவாக்கிய பூமா செய்த ஒரே தவறு, பலருடைய குரலில் பழக்க வேண்டியதை, மாலையில் தன்னை அழைத்துப்போக ஆய்வகத்துக்கு வரும் கணவன் சேந்தனின் குரலில் மட்டும் பழக்கியதுதான்.

"உன் சிப்புக்கு உன் வீட்டுக்காரரை விட்டா வேற யாரையும் தெரியாதுடி" என்று உடன் வேலை செய்யும் ரெஜினா கேலி செய்வாள்.

பக்கவாதம் வந்தபின் சேந்தன் பேசியது ஒருவருக்கும் புரியவில்லை, பூமாவுக்கும்கூட. அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். இன்று அவனைச் சக்கர நாற்காலியில் ஆய்வகத்துக்கு அழைத்துவந்து, வாயருகே சிப்பின் மைக்கைப் பிடித்தாள்.

"எதுவாச்சும் சொல்லுங்க. அதுக்காவது புரியுதான்னு பாப்போம்."

அவன் தயங்கினான். பிறகு உதடு கோணி, காற்றும் எச்சிலுமாக ஏதோ வந்தது. ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் 'ஊ' எரிந்தது. கொஞ்சம் பொறுத்து 'ஆ'.

"என்னடி சொல்றார்?"

பூமா மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"இன்னொரு வாட்டி கூப்பிடுங்க" என்றாள்.