இருபத்தாறாவது எக்கோ

முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இதயத்துக்கு எக்கோ எடுப்பது ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. கண்காணிப்பாளருக்கு அது பொறுக்கவில்லை. நாளுக்கு இருபத்தைந்துதான் என்று கட்டிப்போட்டார். அதற்கு மேல் வந்த சீட்டிலெல்லாம் 'தேவையில்லை' என்று முத்திரை குத்தினார். மூன்று முறை அந்த முத்திரையை வாங்கிய பட்டாளத்து டிரைவர், நான்காம் முறை வராண்டா பெஞ்சிலேயே உயிரை விட்டார்.

மறுநாளிலிருந்து மெஷினில் தினமும் இருபத்தாறு பதிவுகள்.

"எவன் எடுக்கறான் அதை?" என்று கண்காணிப்பாளர் கத்தினார்.

"நான் இருபத்தஞ்சோட மெஷினை அணைச்சிடறேன் சார். கடைசிப் படம் டிரைவர் அண்ணனோடது" என்றாள் டெக்னீஷியன். "நாளுக்கு நாள் தேறிட்டு வர்றாரு. முதல் நாள் இதயத்தோட பம்பிங் இருபது சதவீதம். நேத்து அறுபது, நார்மல்."

"யாருகிட்ட கதை விடற?" என்று கேட்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு மாதமாகவே அப்படித்தான். சட்டையைக் கழற்றிவிட்டு எக்கோவுக்குப் படுத்தார். அன்றைய இருபத்தைந்து முடிந்திருந்தது அவர் நினைப்பிலேயே இல்லை.

அவள் திரையைப் பார்த்தாள்.

"இருபது சார்."

"பெரிய டாக்டரைக் கூப்பிடு! சீட்டை எடு!"

அவர் பெயருக்கான சீட்டு மேசைமேல் தயாராக இருந்தது. அதில் 'தேவையில்லை' என்ற ஊதா மை இன்னும் காயவில்லை.

முத்திரை அவர் அறையில் பூட்டியிருந்தது. சாவி அவர் பையில் இருந்தது.