மோட்டாரின் சொந்தக்காரர்

பல்லாவரம் சந்தையில் அந்தச் சின்ன மோட்டாரைப் பார்த்ததும் தணிகாசலம் பாய்ந்து எடுத்துக்கொண்டார். ரிமோட் பொம்மைக் கார்களின் பழைய பிரஷ் மோட்டார்களைச் சேர்ப்பதில் தாம்பரம் வட்டாரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். மறுத்துச் சொல்லவும் வட்டாரத்தில் வேறு ஆளில்லை.

"மோந்து பார்த்தே வருஷம் சொல்லிடுவேன் பாய்," என்றவர் மோந்தார். "எண்பத்தாறு. ஜப்பான்!"

"எனக்கு இன்னா சார் தெரியும்?" என்றார் கடைக்காரர் அக்தர்.

பின்மூடியைத் திறந்த தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஸ்பிரிங் தளராம இருக்க பிரஷ்ஷைத் தூக்கி நூல் கட்டியிருக்கார். அளவா ஒரே சொட்டு தையல் மெஷின் எண்ணெய். இதை வெச்சிருந்தவர் மகான் பாய்! நான் அவரைப் பார்த்தே ஆகணும்."

"அவரு வூட்டம்மாதான் பழைய பேப்பரோட போட்டுச்சு சார்."

"அடிப்பாவி! அந்த மனுஷனுக்கு இப்படியொரு பொண்டாட்டியா? வீடு எங்கே?"

"ராஜகீழ்ப்பாக்கம், தண்ணி டேங்க் பக்கத்துல பச்சை கேட்டு. அதோ நிக்குதே, அதே மாதிரி ஒரு ஓட்டை ஸ்கூட்டர் வாசல்ல நிக்கும்."

தணிகாசலம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டை ஸ்கூட்டரில் ஏறினார்.

பச்சை கேட்டைத் திறந்த மனைவி கோகிலவாணி, அவர் கையிலிருந்த மோட்டாரைப் பார்த்தாள்.

"இதையாவது நம்ம வீட்டுதுன்னு கண்டுபிடிச்சீங்களா? போன மாசம் வாங்கிட்டு வந்ததும் நம்ம வீட்டுதுதாங்க. அப்பவும் மோந்துதானே பார்த்தீங்க?"