தோட்டக்காரர் வீதி

குளியலறைக் கதவில் சுத்தியல் விழுந்தது.

அவள் தொட்டிக்குள் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். காதில் தொலைபேசி. சுவீடனின் அவசர உதவி எண். ஒரு பெண்குரல், நிதானமாக, முகவரியைக் கேட்டது.

சொன்னாள். ஒரே ஓட்டமாக.

வீட்டு இலக்கம் விளங்கியது, வீதியின் பெயர் விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றது குரல்.

"ஆரோடையடி கதைக்கிறாய்?" வெளியே கணவன். "உன்ர சுவீடிஷ் நாய்க்கும் விளங்காது. திற!"

சுத்தியல். பலகை பிளந்து வெள்ளைத் தூள் பறந்தது.

வீதியின் பெயர் நீளமானதுதான். ஆனால் அது ஒரு சொல் அல்ல. கோத்து வைத்த நான்கு சொற்கள். த்ரேட் என்றால் மரம். கோர்ட் என்றால் முற்றம். இரண்டும் சேர்ந்தால் தோட்டம். மெஸ்தார் என்றால் கைதேர்ந்தவர். வேகன், வீதி.

தோட்டக்காரர் வீதி.

நடுவில் ஒரு தனி 'ஸ்' உண்டு. அதற்குப் பொருள் கிடையாது. இரண்டு பக்கத்தையும் பூட்டுகிற கொளுக்கி, அவ்வளவுதான். அது முன்சொல்லோடு போகவேண்டும். கோர்ட்ஸ். பதற்றத்தில் அவள் வாய் அதைப் பின்னால் தள்ளி, ஒரு 'இ'யும் சேர்த்துவிட்டது. இஸ்மெஸ்தார். அந்த நாட்டில் அப்படி ஒன்று இல்லை.

வேலைக்குப் போகிற பஸ் தினமும் அந்தப் பெயரை அறிவிக்கும். கண்ணை மூடி அதைக் கேட்டாள்.

"த்ரேட்."

மூச்சு.

"கோர்ட்ஸ்."

சுத்தியல். கதவில் ஓட்டை விழுந்தது.

'மெ' சொல்ல இரண்டு உதடும் சேரவேண்டும். கீழுதடு பிளந்திருந்தது.

சேர்த்தாள்.

"மெஸ்." தாடையில் இரத்தம் வழிந்தது. "தார்."

ஓட்டைக்குள்ளால் ஒரு கை வந்தது. தாழ்ப்பாளைத் தேடித் தடவியது. அவள் எழுந்து ஷவர்க் குழாயின் இரும்புத் தலையால் அதன் விரல்களை அடித்தாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. கை போய்விட்டது.

"வே. கன்."

குரல் அந்தச் சொல்லை முழுதாக, ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னது.

பொலிஸ் புறப்பட்டுவிட்டது என்றது. அடிப்பவர் யார், உங்கள் கணவரா, பெயர் என்ன?



கலியாணமான நாளிலிருந்து அவள் அவனை "இஞ்சருங்கோ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மற்றவர்களிடம் "இவர்". கோயில் அர்ச்சனைக்குக்கூட ஐயரிடம் அவனேதான் பெயரைச் சொல்வான்.

"குலவீரசிங்கம்," என்றாள்.

நீளமான பெயர், கொஞ்சம் பிரித்துச் சொல்ல முடியுமா என்றது குரல்.

"குல."

வெளியே சத்தம் நின்றது.

"வீர."

ஓட்டையில் அவன் கண் தெரிந்தது.

"என்ர பேரையோடி சொல்லுறாய்?"

அவள் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது துண்டைச் சொன்னாள்.