முழு அளவு

கூட்ட அறையின் திரையில் இரண்டு கப்பல் புரொப்பல்லர்கள் சுழன்றுகொண்டிருந்தன.

இடப்பக்கம் இருந்தது சிறிய மாதிரி. சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். வலப்பக்கம் அதே புரொப்பல்லரின் நிஜ அளவுக் கணக்கு, கப்பலில் இரண்டு மாடி உயரம் வரும். இரண்டையும் கணினிக்குள்ளேயே கடலில் இறக்கி ஓட்டிப் பார்த்திருந்தாள் சோதனைப் பொறியாளரான அவள்.

மாதிரி முழுக்க நீலம். பெரியதன் இதழ் நுனிகள் மட்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

சிவந்த இடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழிவிடும். குமிழி வெடித்தால் கப்பலின் பின்பக்கம் அதிரும். அங்கே படுப்பவர்கள் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

மேலாளருக்குக் கணக்கு வராது, நிறம் நன்றாகத் தெரியும். ஒப்புதல் கையெழுத்துக்குத் திறந்த பேனாவை மூடிவிட்டு, சின்னதில் ஒன்றுமே இல்லையே என்று கேட்டார்.

“சின்னதுல அடங்கி இருக்கறது பெருசுல ஆட்டம் காட்டும் சார்,” என்றாள்.

அது உண்மைதான். அதற்காகத்தான் அவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் தயாராக நிற்கிறது. இந்தப் புரொப்பல்லரை மாட்டிவிட்டால் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடும். அதில் இரண்டாம் இன்ஜினியராகப் போகிறவர் அவள் கணவர். போனால் ஒன்பது மாதம்.

மகளுக்கு மூன்று வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் கைபேசிக்குள் உள்ளங்கை அளவில் சிரிப்பவர். முழு அளவில் ஒருவர் பெட்டியோடு வந்து நின்றதும் அலறிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். மனிதர் தவழ்ந்து, யானையாகி, முதுகில் ஏற்றிச் சுமந்த பிறகு, போன வாரம்தான் அவர் கையால் ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். நேற்று முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து அப்பா என்றாள்.

வெள்ளிக்கிழமை கப்பல் போனால் அப்பா மறுபடியும் கைபேசிக்குள்தான்.

மேலாளர் மூடிய பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு எழுந்துவிட்டார்.

“ரெண்டு மாசம் ஆனாலும் பரவாயில்ல, இதழத் திருத்தச் சொல்லிடலாம். வீட்டுக்காரர் தூங்குற இடம்னு கண்ணும் கருத்துமா பாத்திருக்கியேம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இருக்கைக்குத் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

எந்த எண்ணிலிருந்து சிவப்பு தொடங்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. படம் போடுகிறவர்தான் கொடுக்க வேண்டும். பெரியதற்கு மட்டும் காலையில் அவள் மாற்றிக் கொடுத்திருந்த எண்ணை அழித்துவிட்டு, மாதிரிக்குக் கொடுத்த அதே எண்ணைக் கொடுத்தாள்.

பெரிய புரொப்பல்லர் நுனிவரை நீலமாகிவிட்டது.

மாற்றத்தைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது.

வேண்டாம் என்று அழுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.