வடை சுற்றி வந்த தாள்

“கதைக்குள்ள எதுக்கு டீச்சர் விஞ்ஞானப் பாடம்? வாசிக்கிறவங்க பக்கத்தைப் புரட்டிருவாங்க” என்று பத்திரிகை ஆசிரியர் அலுத்துக்கொண்டபோதும், மண்சரிவு பற்றிய பத்தியை வெட்ட றிப்தா சம்மதிக்கவில்லை.

இப்போது மாவனல்லையில் அவள் வீட்டு வாசலில், எண்ணெய் ஊறிய அதே பக்கத்தோடு தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் நின்றார்.

“என் பேரு முத்துவேலுங்க. இதை நீங்க எழுதினதா வடைக்கடையில சொன்னாங்க.”

“ஓம், என்ட கதைதான்.”

“கதையா!” அவர் குரல் உயர்ந்தது. “வடை சுத்திக் குடுத்த தாளுங்க. மேல்பாதி கிழிஞ்சிருந்துச்சு. கவர்மெண்ட் அறிவிப்புன்னுல்ல நெனச்சோம்! ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்குனா மலை சரியும், ஒடனே வெளியேறுங்கன்னு இருந்துச்சு. நாங்க தண்ணி புடிக்கிற பீலியில செம்மண்ணா கொட்டவும், கொட்டுற மழையில லயத்து வீடுகள்ல இருந்த அத்தனை பேரையும் கெளப்பி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.”

கைக்குழந்தைகளோடு எத்தனை பேர் நனைந்தார்களோ என்று றிப்தா பதறினாள். “மன்னிச்சிக்கோங்க. சும்மா அலைய வெச்சிட்டேன்.”

“ஐயோ, என்னங்க டீச்சர்! விடிஞ்சு பாத்தா லயம் இருந்த எடத்துல மண்மேடுதான் கெடந்துச்சு. எங்கள்ல ஒரு உசிருகூடப் போகலீங்க.”

கதவை அகலத் திறந்து அவரை உள்ளே வரச் சொன்னாள் றிப்தா.

முத்துவேல் தாளைப் பக்குவமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நல்ல வேளை, மேல்பாதி கிழிஞ்சிருந்துச்சு. கதைன்னு தெரிஞ்சிருந்தா ஒருத்தரும் நகந்திருக்க மாட்டோமுங்க.”